மெக்ரிட்சியில் இரண்டு முறை விழுந்துவிட்டேன், என்ன காலணி வாங்குவது?

ஈசூன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நான் தாதி, பெரும்பாலும் இரவுப் பணி. வயது 42. மூன்று ஆண்டுகளாக ஈசூன் குளத்தைச் சுற்றியும் பூங்கா இணைப்புப் பாதையிலும் ஓடி வருகிறேன். போன மாதம் தோழி ஒருத்தி மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் காட்டுப் பாதைக்கு அழைத்துப் போனாள். முதல்நாள் நல்ல மழை. ஜெலுத்தோங் கோபுரத்தைத் தாண்டி ஓர் இறக்கத்தில் மரவேர்மீது கால் வைத்ததுதான் நினைவிருக்கிறது. அடுத்த கணம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. நீர்த்தேக்கத்தை ஒட்டிய பலகைப் பாதையில் மறுபடியும் விழுந்தேன், அதுவும் ஒரு குரங்குக் குடும்பத்தின் கண்ணெதிரே. அவை சிரிக்கவில்லை, தோழிதான் சிரித்தாள்.

காலில் இருந்தது சாலையில் ஓடும் காலணி, அடிப்பாகம் கிட்டத்தட்ட மொழுமொழு. சரி, காட்டுக்கென்று ஒன்று வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளர் நீர் புகாத காலணி ஒன்றை எடுத்துக் கொடுத்து, "சிங்கப்பூர் மழைக்கு இதுதான்" என்றார். விலை 260 சிங்கப்பூர் வெள்ளி. அடியில் பற்கள் டிராக்டர் சக்கரம் போல இருந்தன. வாங்காமல் வந்துவிட்டேன். அவர் சொன்னது சரிதானா? சாலைக் காலணியின் அதே அளவை வாங்கலாமா?

காப்பி கோசோங்:

விலை கூடியதை வாங்குங்கள், யோசிக்காதீர்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். நான்கு ஆண்டுகளாகக் காலணி அலமாரியில் புத்தம் புதிதாக இருக்கிறது.

பழைய கால்:

சகோதரி, அந்த 260 வெள்ளி உங்களிடமே இருப்பது நல்லது. நீர் புகாத துணி குளிர்நாட்டுக்காரர்களுக்கு உதவும். அங்கே ஈரக் காலோடு ஓடினால் விரல் விறைத்துவிடும். நம் ஊர் மழை காலணியின் துணியைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. முழங்காலில் வழிந்து, காலுறை வழியாக உள்ளே இறங்கிவிடும். இறங்கிய நீரை அந்தத் துணி வெளியே விடாது. மழையே இல்லாவிட்டாலும் நம் வியர்வை போதும், காலணிக்குள் ஒரு வாளி. வலைத்துணியால் ஆனதை வாங்குங்கள். நனையும், ஆனால் பத்து எட்டு வைப்பதற்குள் வடிந்துவிடும்.

பற்களைப் பற்றி. 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமான பல் சேற்றில் குத்தி நிற்பதற்கானது. மெக்ரிட்சி சேற்று வயல் அல்ல. நாள்தோறும் மிதிபட்டு இறுகிய செம்மண், மேலே சரளைக்கல், குறுக்கே வேர், நடுநடுவே பலகை. இறுகிய தரையில் ஆழமான பல் இறங்க இடமில்லை. அதன் நுனி மட்டும்தான் தரையைத் தொடும், பிடிமானம் குறைந்துவிடும். 3 முதல் 5 மில்லிமீட்டர் போதும்.

நீங்கள் வேரில் விழுந்ததற்கு ரப்பரின் குணம்தான் முக்கியக் காரணம். கடையில் அடிப்பாகத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். மென்மையான ரப்பர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். விப்ரம் மெகாகிரிப் என்ற ரப்பர் ஈரப் பிடிமானத்துக்கென்றே செய்யப்படுவது. ஹோக்கா ஸ்பீட்கோட் காலணியின் அடியில் இருப்பது அதுதான், பல் 5 மில்லிமீட்டர். ஆனால் மென்மையான ரப்பருக்குத் தார்ச்சாலை எதிரி. வீட்டு புளோக்கின் கீழேயே ஓட ஆரம்பித்துவிடாதீர்கள். மெக்ரிட்சி வரைக்கும் பஸ்ஸில் போங்கள்.

அளவுக்கு வருவோம். உங்கள் வேலையே உங்களுக்குப் பெரிய வசதி. இரவெல்லாம் நின்று கால் வீங்கியிருக்கும் அல்லவா? பணி முடிந்த காலை, தூங்கி எழுவதற்குமுன் போய் அளவு பாருங்கள். ஓடும்போதும் கால் அப்படித்தான் வீங்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். கடைக்குள் சமதளத்தில் நடந்து பார்த்தால் போதாது. மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் போய் இடித்தால் அந்தக் காலணி வேண்டாம். இறக்கத்தில் நகம் கறுத்துப்போவது அப்படித்தான். செருப்பிலேயே வளர்ந்த நமக்கெல்லாம் முன்பாதம் அகலம்; ஒடுங்கிய மூக்கு ஒத்துவராது. ஆல்ட்ரா லோன் பீக் என்ற காலணி நல்ல அகலம். ஆனால் அதில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம். பழக்கமில்லாமல் திடீரென்று மாறினால் கெண்டைக்கால் இரண்டு வாரம் பேசும்.

பாசி பிடித்த ஈரப் பலகைக்கு உலகத்தில் காலணியே கிடையாது. இருபது ஆண்டுகளாக ஓடுகிறேன், அங்கே இன்றும் நடக்கிறேன். வேரை மிதிக்காமல் தாண்டுங்கள், குறிப்பாகச் சாய்வாகக் கிடக்கும் வேரை.

பழைய ரயில் தடத்தில் ஓட உங்கள் சாலைக் காலணியே போதும், அதற்காகச் செலவழிக்காதீர்கள்.

காப்பி கோசோங் தம்பி, அலமாரியைத் திறந்து பாருங்கள். இந்த ஊர் ஈரக்காற்றில் பசையும் சில வகை நுரையும், காலில் போடாமல் சும்மா வைத்திருந்தாலே நொறுங்கிப்போகும்.

ஜோகூர்ப் பிள்ளை:

எல்லோரும் 200 வெள்ளிக் கணக்கே பேசுகிறீர்கள். என் அப்பா ஜோகூரில் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். விடியற்காலை நாலரைக்கு, தலையில் விளக்கு, காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து. முழுவதும் ஒரே வார்ப்பு, அடியில் பந்தாட்டக் காலணிபோல் குமிழ்கள். அதற்குக் கம்போங் அடிடாஸ், அதாவது கிராமத்து அடிடாஸ் என்று பெயர். அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, யாரோ குறும்புக்காரன் வைத்த பெயர். விலை சில ரிங்கிட்தான். மலேசியாவில் மலையேறுகிறவர்கள் இன்றும் இதைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஈரமண்ணில் உடும்புப் பிடி. நீரை உறிஞ்சாது, கழற்றிக் கவிழ்த்தால் காலி.

நானும் அதோடு செஸ்ட்நட் பூங்காவில் ஓடிப் பார்த்தேன். முதல் 5 கிலோமீட்டர் ராஜா. அதற்கப்புறம் ஒவ்வொரு கூழாங்கல்லும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. உள்ளே மெத்தை என்று ஒன்றுமே கிடையாது. அக்கா இரவெல்லாம் நிற்கிறவர், அவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் மண்ணில் பிடிமானம் வேண்டுமென்றால் 260 வெள்ளி தேவையில்லை என்பதற்குச் சாட்சி அந்தச் சப்பாத்து.

ஈசூன்வாசி:

சனிக்கிழமை பணி முடிந்து நேராகக் குவீன்ஸ்வே கடைத்தொகுதிக்குப் போனேன். கடை திறக்கும்வரை காப்பிக்கடையில் தூங்கி வழிந்தேன். படிக்கட்டு எங்கே என்று கேட்டதும் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனாலும் விட்டார். நான்கு ஜோடி ஏறி இறங்கினேன். என் இடதுகால் வலதுகாலைவிடப் பெரிது என்பது 42 வயதில்தான் தெரிகிறது. கடைசியில் வலைத்துணி, 4 மில்லிமீட்டர் பல், வழக்கத்தைவிட அரை அளவு பெரிது. 175 வெள்ளி.

இன்று காலை மெக்ரிட்சி. மரக்கிளைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதே இறக்கத்தில் அதே வேரைத் தாண்டினேன். அதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு வேரைப் பார்க்கவில்லை, அதன்மேல் கால் விழுந்தது; ஆனால் நழுவவில்லை. பலகைப் பாதையில் அண்ணன் சொன்னபடி நடந்தேன். எழுபது வயதிருக்கும் ஒரு சீனப் பெரியவர், தேய்ந்த துணிக்காலணியோடு என்னைத் தாண்டி ஓடிப்போனார்!

இப்போது காலணி முழுக்கச் செம்மண். சலவை இயந்திரத்தில் போடலாமா?

பழைய கால்:

கூடவே கூடாது. பழைய பல்துலக்கி, குழாய்த் தண்ணீர், அவ்வளவுதான். உள்ளட்டையை வெளியே எடுத்துவிட்டு, பழைய தமிழ் முரசைக் கசக்கி உள்ளே திணியுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், தாழ்வார நிழல் போதும்.

காப்பி கோசோங்:

அலமாரியைத் திறந்து பார்த்தேன். இடதுகால் அடிப்பாகம் கையோடு வந்துவிட்டது.