பரமண்டல ஜெபத்துல நாங்க மட்டும் கடைசி… உங்க சபையில எப்படி?

கடைசி பெஞ்ச்:
ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். வேற பாஷை, வேற நிறம், வேற வசதி உள்ளவங்களோட ஒரே சபையில இருந்தவங்க உங்க அனுபவத்தை இங்க போடுங்க, நல்லதோ கெட்டதோ. சாட்சி சொல்ற மாதிரி மெருகேத்த வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொன்னா போதும்.

என்னோடது இது. நான் போற சபையில ஒரே கட்டடம், நாலு பாஷை. பெரிய ஆராதனை காலைல மேல் ஹால்ல, நாங்க நாப்பது பேரு மட்டும் சாயங்காலம் கீழ் ஹால்ல. வருஷத்துக்கு ஒரு தடவை ஐக்கிய ஆராதனைன்னு எல்லாரையும் மேல கூப்பிடுவாங்க. பிரசங்கம் அவங்க பாஷை, பாட்டு அவங்க டியூன், நாங்க நல்லா டிரஸ் பண்ணிட்டு போய் ஒரு பாட்டு பாடணும், கை தட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க, அவ்ளோதான். விருந்தாளிக்கு குடுக்குற மரியாதை எல்லாம் கிடைக்கும், ஆனா வீட்டு ஆளுன்னு யாரும் நினைக்க மாட்டாங்க.

போன தடவை பரமண்டல ஜெபத்தை (இயேசு சீஷர்களுக்குச் சொல்லிக் குடுத்த ஜெபம்) அவங்கவங்க பாஷையில ஒரே நேரத்துல சொல்லலாம்னாங்க. எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம வார்த்தையெல்லாம் நீளம் பாருங்க, "பரிசுத்தப்படுவதாக"ன்னு நாங்க சொல்லி முடிக்குறதுக்குள்ள அவங்க அடுத்த வரிக்கே போயிட்டாங்க. நாங்க "ராஜ்யமும் வல்லமையும்"னு வரும்போது கீபோர்டு ஆரம்பிச்சிருச்சு, கூடவே டிரம்ஸும். எங்காளுங்க பாதி பேரு அப்படியே நிறுத்திட்டாங்க. என் பக்கத்துல நின்ன அம்மா மட்டும் கண்ணைத் திறக்காம அந்த சத்தத்துக்குள்ளயே "மகிமையும்" வரைக்கும் போய் ஆமென் சொல்லிட்டுதான் நிமிர்ந்தாங்க. யாரும் வேணும்னு பண்ணல. எனக்கு உறுத்துறதே அதுதான், திட்டியிருந்தா கூட சண்டை போட்டிருக்கலாம், நாங்க இன்னும் முடிக்கலைன்னே அவங்களுக்குத் தெரியலையே.

நைட் ஷிஃப்ட்:
அண்ணா இதே கதைதான் எனக்கும், ஆனா பாஷை பிரச்சனை இல்ல, டைம் பிரச்சனை. எங்க வீட்டு ஜெபக்குழுல எல்லாரும் ஆபீஸ் ஆளுங்க, ஆறு மணிக்கு வந்துருவாங்க. நான் கிளீனிங் வேலை, முடிச்சிட்டு வர எட்டரை ஆயிரும். அதுக்குள்ள பாட்டு முடிஞ்சு ஜெபம் முடிஞ்சு சாப்பாடும் முடிஞ்சு, மிச்சத்தை மூடி வச்சிருப்பாங்க. "உங்களுக்கு எடுத்து வச்சிருக்கோம் பிரதர்"னு அன்பாதான் சொல்வாங்க, ஆனா தனியா ஒரு மூலையில உக்காந்து சாப்பிடும்போது தொண்டையில இறங்காது.

ஒரு நாள் பஸ்ல வரும்போது பவுல் கொரிந்து சபைக்கு எழுதின கடிதம், 1 கொரிந்தியர் 11 படிச்சேன். அப்பமும் ரசமும் எடுக்குற திருவிருந்து அன்னிக்கு எத்தனையோ தடவை கேட்ட அதிகாரம்தான். ஒருத்தன் பசியா இருக்கான், ஒருத்தன் குடிவெறியா இருக்கான்னு பவுல் கோபப்படுறாரே, அது ஏன்னு அன்னிக்குதான் உறைச்சுது. அந்தக் காலத்துல சபை கூடுனது வசதியானவங்க வீட்டுல. அவங்க நேரத்தோட வந்து சாப்பிட்டுருவாங்க, அடிமைகளும் கூலி வேலைக்காரங்களும் எஜமான் விட்டாதான் வர முடியும், அவங்க வரும்போது பாத்திரம் காலின்னு நிறைய பேரு விளக்கம் சொல்றாங்க. அதுக்கு பவுல் சொல்ற தீர்வு பெரிய உபதேசம் எதுவும் இல்ல, ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருங்க, அவ்ளோதான் (33ஆம் வசனம்).

நான் இதை யார்கிட்டயும் சொல்லல, வெக்கமா இருந்துச்சு. ஆனா அந்த வீட்டு அக்கா எப்படியோ கவனிச்சிட்டாங்க போல. அடுத்த வாரம் போறேன், மேஜை மேல பிளேட்டெல்லாம் கவுத்து வச்சிருக்கு, எல்லாரும் சும்மா பேசிட்டு இருக்காங்க, சின்னப் பிள்ளைங்க மட்டும் பிஸ்கட் கடிச்சிட்டு இருக்குதுங்க. நான் செருப்பைக் கழட்டுறதைப் பாத்துட்டு அக்கா முதல் பிளேட்டைத் திருப்புனாங்க. அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு.

முறுமுறுப்பு:
நைட் ஷிஃப்ட் தம்பி, அந்த அக்கா மாதிரி எல்லா இடத்துலயும் ஆள் இருக்காது. நீங்க வாயைத் திறந்திருக்கணும். என் பேரைப் பாத்தீங்கல்ல, காரணத்தோடதான் வச்சிருக்கேன்.

எங்க சபையில உதவிப் பணம் யாருக்குப் போகுதுன்னு பாத்தா எப்பவும் கமிட்டிக்குத் தெரிஞ்ச குடும்பங்களுக்குதான். எங்க பக்கத்து ரெண்டு விதவைகளுக்கு ஒரு வருஷமா ஒண்ணும் வரல. கேட்டேன். "முறுமுறுக்காதீங்க, ஐக்கியம் கெட்டுரும், ஜெபம் பண்ணுங்க"ன்னாங்க. நான் வீட்டுக்கு வந்து ஜெபமும் பண்ணேன், வேதத்தையும் எடுத்துப் பாத்தேன். அப்போஸ்தலர் 6ல எருசலேம் சபையிலயே இதே கூத்து. கிரேக்க பாஷை பேசுற விதவைகளை அன்றாட விசாரணையில (தினமும் உதவி பங்கிடுறதுல) விட்டுட்டாங்க, அவங்க ஆளுங்க முறுமுறுத்தாங்க. அப்போஸ்தலர்கள் அதட்டி உக்கார வச்சாங்களா? சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிஞ்செடுக்க சொன்னாங்க. அந்த ஏழு பேரைப் பாருங்க, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பேரு! யாரு குறை சொன்னாங்களோ அந்தப் பக்கத்துக் கையிலயே பந்தியைக் குடுத்துட்டாங்க.

இதை அப்படியே கமிட்டியில வாசிச்சேன். நாலு மாசம் இழுத்தாங்க, ரெண்டு பேரு என்கிட்ட பேசறதையே விட்டுட்டாங்க (ஒருத்தர் இன்னும் பேசல). கடைசியா உதவிப் பணப் பெட்டி சாவி எங்க பக்கத்து ஒரு சிஸ்டர் கைக்கு வந்துச்சு.

கோவை இலை:
எல்லாரும் கோவிக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். தனித்தனியா ஆராதிச்சாதான் என்ன? அவங்கவங்களுக்கு அவங்கவங்க பாஷை, பாட்டு, ஸ்டைல். மனசு ஒண்ணா இருந்தா போதாதா? சேர்த்து வச்சாதானே இத்தனை மனஸ்தாபம்.

முறுமுறுப்பு:
கேள்வி நியாயம்தான், ஆனா அந்த வாதத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கு. 1857ல தென்னாப்பிரிக்காவுல டச்சு சீர்திருத்த சபை கேப் பகுதியில சினாட் (சபையோட பொதுக்கூட்டம்) கூடுச்சு. எல்லாரும் ஒண்ணா ஆராதிக்கிறதுதான் வேதத்துப்படி சரின்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க, ஆனா "சிலருடைய பலவீனத்தினால" தனி இடத்துல கூட்டம் வச்சுக்கலாம்னு அனுமதி குடுத்தாங்க. பலவீனம்னு சொன்னது வெள்ளைக்காரங்க பலவீனத்தை! 1881ல கலப்பினத்தவருக்குன்னு தனி சபையே ஆயிருச்சு. அந்தத் தனி சபைதான் 1982ல பெல்ஹார்ங்கிற விசுவாச அறிக்கையை எழுதி, 1986ல ஏத்துக்கிட்டு, இந்தப் பிரிவினை சுவிசேஷத்துக்கே விரோதம்னு சொல்லுச்சு. சும்மா ஒரு வசதிக்காகன்னு ஆரம்பிச்சது எங்க போய் நின்னுச்சு பாருங்க.

கடைசி பெஞ்ச்:
கோவை இலை சொல்றதுலயும் பாதி சரி. கீழ் ஹால் இல்லன்னா எங்க வயசான அம்மாக்களுக்கு ஒரு வசனம் கூட புரியாது. தன் பாஷையில அழுது ஜெபிக்க ஒரு இடம் வேணும். நாமளா விரும்பிக் கூடுறது வேற, நம்மள அங்க போய் உக்காருன்னு சொல்றது வேற. யாக்கோபு 2ல பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், ஏழைக்கு பாதபடியண்டை, அதாவது கால்மாட்டுலன்னு வருதே, அது ரெண்டாவது வகை.

ரெண்டு வீட்டு மருமக:
நான் பெந்தெகொஸ்தே வீட்டுப் பொண்ணு, கட்டிக்கிட்டது கத்தோலிக்க வீடு. 1054ல ரோம் கத்தோலிக்க சபையும் கான்ஸ்டான்டிநோபிள் ஆர்த்தடாக்ஸ் சபையும் ஒருத்தரை ஒருத்தர் சபிச்சு, அதை 1965ல போப் ஆறாம் பவுலும் கான்ஸ்டான்டிநோபிள் பேட்ரியார்க் அத்தெனாகோராஸும் வாபஸ் வாங்கினாங்களாம், 911 வருஷம். எங்க வீட்டுல அவ்ளோ ஆகல, பரவால்ல 😄 எங்க அப்பா அந்தக் கோயில் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு இருந்தவரு. பேத்தியோட முதல் நற்கருணைக்கு வந்தாரு. கத்தோலிக்கர் இல்லாததால அப்பம் வாங்க முடியாதுன்னு தெரியும், இருந்தும் லைன்ல நின்னாரு, அவ சொல்லிக் குடுத்த மாதிரி ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்கா வச்சுக்கிட்டு. ஃபாதர் தலையில கை வச்சு ஆசீர்வதிச்சாரு. வெளிய வந்ததும் அப்பா சொன்னது "அவரு கை நடுங்குச்சு, வயசாயிருச்சு போல, பாவம்"னு. அவ்ளோதான் பேசினாரு.

கடைசி பெஞ்ச்:
அப்டேட். முறுமுறுப்பு அண்ணன் குடுத்த தைரியத்துல கீபோர்டு வாசிக்கிற தம்பிகிட்ட போய் சொன்னேன். பாவம், முகம் செத்துப் போச்சு அவனுக்கு, நீங்க இன்னும் சொல்லிட்டு இருந்தீங்கன்னே கேக்கலைன்னான். நேத்து திருவிருந்து எல்லாரும் சேர்ந்து, மறுபடி பரமண்டல ஜெபம். அவங்க முடிச்சிட்டாங்க, ஹால் முழுக்க அமைதி, அவன் கையை கீபோர்டுக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டு எங்களையே பாக்குறான். முந்நூறு பேரு பாக்குறாங்கன்ன உடனே எங்காளுங்களுக்கு பதட்டம், கடகடன்னு ஓட்டி ஆமென் போட்டுட்டாங்க. அவனுக்கு முடிஞ்சுதான்னு தெரியல, இன்னும் காத்துட்டே இருக்கான். நான் கடைசி பெஞ்ச்ல இருந்து தலையாட்டுனப்புறம்தான் கையை வச்சான்.