வேக வரம்பி: நீக்கப்படுவது எது?

அன்புடையீர், வணக்கம்.

காவல் பணியிலிருந்து கழிக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்களில் மின்னணு முறையில் விதிக்கப்பட்டிருக்கும் வேக வரையறையை அகற்றுவது குறித்த கட்டுரைக்கு, 'வேகக் கட்டுப்பாட்டுக் கருவி' என்ற சொல்லே போதும் என்று முந்தைய மடலில் கூறப்பட்டது. பேருந்து, லாரிகளைப் பொறுத்தவரை அச்சொல் ஊன்றிவிட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுபவர் குறித்துவைத்த வேகத்தைத் தானே பிடித்துக்கொண்டு செல்லும் குரூஸ் கன்ட்ரோலுக்கும் அதே பெயர் பொருந்திவிடுகிறது. இரண்டும் ஒரே வண்டியில் இருந்தால் படிப்பவர் எதில் கை வைப்பார்? 'வேகத்தடை' சாலை மேட்டுக்கு உரியதாகிவிட்டது. இக்கருவிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கவர்னர் என்ற பெயரை 'ஆளுநர்' ஆக்கினாலோ, மாளிகையில் இருப்பவர்தான் நினைவுக்கு வருவார்.

எனவே ஸ்பீட் லிமிட்டருக்கு 'வேக வரம்பி' என்பதை முன்மொழிகிறேன். மாற்று என்னும் வினையிலிருந்து மாற்றி வரும், வரம்பு என்னும் பெயரிலிருந்து வரம்பி எப்படி வரும் என்று கேட்கலாம். வில்லை உடையவன் வில்லி ஆவதுபோல, வரம்பை உடையது வரம்பி. எஞ்சின் சுழற்சி மிகாமல் காக்கும் வேறொரு அமைப்பும் உண்டு. அது கியர் விழாத நிலையிலும் வேலை செய்யும். அதனைச் 'சுழற்சி வரம்பி' என்று பிரித்துக் காட்டவும் இச்சொல் இடம் தருகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வேகம், திசைவேகம் எனப்படுபவை இலங்கைப் பாடநூல்களில் முறையே கதி, வேகம் எனப்படுகின்றன. வேக வரம்பிக்குத் திசை தெரியாது என்பதால் இலங்கை இயற்பியலார் 'கதி வரம்பி' என்று திருத்தக்கூடும். எனினும் பேச்சில் இரு கரையினரும் வேகம் என்றே சொல்வதால் அதனையே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையான சிக்கல் 'அகற்றுதல்' என்பதில்தான். சக்கரத்திலோ கியர்பெட்டியிலோ உள்ள உணரி (சென்சார்) அனுப்பும் துடிப்புகளை எண்ணி, நினைவகத்தில் எழுதப்பட்ட எண்ணோடு ஒப்பிட்டு, அதை மீறும்போது எரிபொருளையோ தீப்பொறியையோ குறைப்பது, எஞ்சினுக்குக் காற்று செல்லும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் மின்னணு முறையில் இயங்கும் வண்டியாயின் அதைச் சற்று மூடுவது ஆகியவை எல்லாம் எஞ்சினை ஆளும் அதே மின்னணுப் பெட்டியின் வேலைகள். கழற்றி மேசைமேல் வைக்கத் தனிப்பொருள் எதுவும் அங்கில்லை. மாறுவது ஓர் எண் மட்டுமே. ஆகவே 'வரம்பி அகற்றல்' என்பது பிழையான படத்தைத் தருகிறது. 'வரம்பு நீக்கம்' என்பதே சரி.

இன்னொரு வழியும் உண்டு. உணரிக்கும் பெட்டிக்கும் நடுவே சிறு மின்சுற்றை வைத்துத் துடிப்புகளைக் குறைத்து அனுப்பினால், வண்டி மெதுவாகச் செல்வதாகப் பெட்டி நம்பிவிடும். வேகமானியும் அதே துடிப்பை நம்பியிருந்தால் அதுவும் குறைத்துக் காட்டும், ஓடிய தூரமும் குறைந்தே பதிவாகும். இதனை நீக்கம் என்பது நேர்மையாகாது. வரி ஏய்ப்பு என்று சொல்லிப் பழகிய நமக்கு 'வரம்பு ஏய்ப்பு' என்பது விளக்கமின்றியே புரியும். உள்நாட்டு வண்டிகளுக்கு 180 கி.மீ. வரம்பு வைத்துப் பழகிய ஜப்பானியர், 'லிமிட்டர் கட்' என்ற ஒரே இரவல் தொடரால் இரண்டையும் சொல்லிவிடுகின்றனர். நாமும் அப்படிக் கலக்க வேண்டியதில்லை.

'தடை நீக்கம்' என்று எழுதலாமே என்ற யோசனைக்கும் ஒரு மறுப்பு. தடை என்றதும் அது தேவையற்ற இடையூறு என்ற எண்ணம் ஒட்டிக்கொள்கிறது. பக்கப்பெட்டிகளும் வானொலிக் கருவியும் சுமந்த வண்டி மிகுவேகத்தில் நெளியக்கூடும். அவற்றை இறக்கிவிட்டாலும், 'எச்' குறியிட்ட டயர் 210 கி.மீ. வரைக்குத்தான் தகுதி பெற்றது. வரம்பு என்ற சொல்லில் அந்தக் காரணங்களுக்கும் இடமிருக்கிறது. தாழ்ப்பாளை மனத்தில் வைத்து 'வேகத்தாழ்' என்றும் ஆக்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, ஆனால் வேகம் தாழ்ந்தது என்றே படிக்கத் தோன்றுவதால் விட்டுவிட்டேன்.

எண்ணை முற்றிலும் அழிக்காமல் கூட்டி மட்டும் எழுதுவதற்கு 'வரம்பு உயர்த்தல்' போதுமா, வேறு சொல் வேண்டுமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.