புதியதைச் செருகினேன், பழையது காணாமல் போனது

வேளச்சேரிவாசி:
மூன்று மாதமாகியும் மனதை விட்டு அகலவில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய என்விஎம்இ எஸ்எஸ்டியை (வேகமான சேமிப்பு அட்டை) மதர்போர்டில் அதற்கென உள்ள எம்.2 இடங்களில் இரண்டாவதில் செருகினேன். விண்டோஸ் வந்தது, பழைய ஹார்ட் டிஸ்க்கான டி டிரைவ் வரவில்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் மொத்தமும் அதில்தான். பெட்டியில் காதை வைத்துக் கேட்டால் ஹார்ட் டிஸ்க் சுழலும் சத்தம் கேட்கிறது. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையிலோ, அந்த டிஸ்க்கின் கேபிள் மாட்டியிருந்த சாட்டா 5 இணைப்புக்கு நேரே வெறுமை. கேபிளை மாற்றினேன், பவர் இணைப்பை மாற்றினேன், குலதெய்வத்துக்கும் வேண்டிக்கொண்டேன். நள்ளிரவு தாண்டி, இணையத்தில் இறக்கிய கையேட்டில் எறும்பு எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: இரண்டாவது எம்.2 பயன்பாட்டில் இருந்தால் சாட்டா 5, 6 இயங்கா. கேபிளைப் பிடுங்கி சாட்டா 2இல் மாட்டினேன். படங்கள் வந்துவிட்டன. வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

பழைய பெட்டி:
கையேட்டை முதலில் படிக்காதது உங்கள் தவறு, போர்டின் தவறல்ல. போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லான சிப்செட்டில் தரவு ஓடும் தடங்களே கொஞ்சம், எம்.2க்குக் கொடுத்தால் சாட்டாவிடமிருந்துதான் பிடுங்க வேண்டும். நான் பட்டது இதைவிடக் கொடுமை. கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பி வயரைச் செருகியபோது பக்கத்திலேயே ஃபயர்வயர் (பழைய வீடியோ கேமராக்களுக்கானது) இணைப்பு; மாற்றி அதில் செருகிவிட்டேன். இரண்டிலும் ஒன்பது ஊசி, இரண்டிலும் ஒரே மூலையில் ஓர் ஊசி இருக்காது. யுஎஸ்பிக்கு வேண்டியது 5 வோல்ட், ஃபயர்வயரில் வருவதோ 12. தம்பியின் பென்டிரைவை முன்னால் செருகியதும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், கருகிய வெங்காயம் போல. அதன் நீல விளக்கு ஒரே ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்தது.

சேலத்துக்காரர்:
பழைய பெட்டி ஐயா, உங்கள் போர்டிலும் அந்த இணைப்புக்குப் பக்கத்தில் பெயர் அச்சிட்டிருந்திருக்குமே? நீங்கள் படித்தீர்களா?

என் கதை இரண்டே வரி. சாட்டா கேபிளைச் சாய்த்து இழுத்தேன்; டிஸ்க்கின் எல் வடிவப் பிளாஸ்டிக் உடைந்து கேபிளோடு வந்துவிட்டது. ஏழு தகடுகளும் பல்லில்லாத ஈறுபோல நின்றன.

எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். சாட்டா கேபிளை நேராக இழுக்க வேண்டும்; 50 முறை செருகி எடுப்பதற்குத்தான் அது வடிவமைக்கப்பட்டது. எம்.2இல் 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அவ்வளவே. உள்ளே தரவு ஓடும் முறை சாட்டாவா என்விஎம்இயா என்று அந்த எண் சொல்லாது. என்விஎம்இ மட்டும் ஏற்கும் இடத்தில் சாட்டா வகையும் ஒழுங்காகப் பொருந்தும், ஆனால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. யுஎஸ்பி 3இன் 19 ஊசி இணைப்பை அழுத்தும்முன் பள்ளம் எந்தப் பக்கம் என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் ஊசி மடங்கினால் நிமிர்த்துவதற்குள் உயிர் போய்விடும். பவர் சப்ளையை மாற்றினால் பழைய கழற்று கேபிள்களைப் புதியதில் மாட்டவே மாட்டாதீர்கள். டிஸ்க் பக்கத்து முனை ஒன்றுதான், பவர் சப்ளைப் பக்கத்து முனையின் ஊசி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் வர வேண்டிய ஊசியில் 12 வந்தால் டிஸ்க் அங்கேயே காலி. படங்களுக்கு வேறிடத்தில் ஒரு நகல் எடுத்தீர்களா?

வேளச்சேரிவாசி:
நகல் எடுத்தாயிற்று. பழைய பெட்டி சொன்ன அச்சுக் கையேட்டையும் தேடிப் பார்த்தேன். ஆறு ஆண்டாகக் குளிர்சாதனப் பெட்டியின் காலுக்கடியில் முட்டுக்கொடுத்திருக்கிறது.