இந்தக் கரகரக் குரலில் எப்படிக் காதல் வருகிறது?

பாலாடா டிரைவர்:
வணக்கம். கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு ராத்திரியில் கேரட் லோடு ஓட்டுகிறேன். அக்கா மகன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்ததில் ‘சீக் டு சீக்’ என்று ஒரு டூயட். அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் பாடியது. பர்லியார் இறங்கும் வரை அதையேதான் கேட்கிறேன். இங்கிலீஷ் அரைகுறைதான். அந்த அம்மா குரல் அவ்வளவு சுத்தம். லூயிக்கோ தொண்டையில் ஜல்லி அரைக்கிற மாதிரி. ஆனால் கேட்கக் கேட்க காதல் பாட்டாகவே இருக்கிறதே, எப்படி? கூட வரும் பையன், “வில்லன் எதுக்குண்ணே டூயட் பாடுறான்” என்கிறான்.

வெலிங்டன் பென்ஷன்காரன்:
தம்பி, அது 1956 ஆகஸ்டில் ஹாலிவுட்டில் பதிவான ‘எல்லா அண்ட் லூயி’ ஆல்பம். லூயிக்கு அப்போது 55 வயது, அந்த அம்மாவுக்கு 39. பாட்டு அதற்கும் பழசு. 1935-ல் ‘டாப் ஹாட்’ படத்துக்காக இர்விங் பெர்லின் எழுதினார். மலை உச்சிக்கு ஏறுவதும் ஆற்றில் மீன் பிடிப்பதும் பிடிக்கும், ஆனால் உன்னோடு ஆடுவதில் பாதி சுகம்கூட அதில் இல்லை என்கிறான். மலையிலேயே கிடக்கிற நமக்கு இது சரிதான் என்று படும்!

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் சுற்று முழுவதும் லூயியுடையது. பாடுகிறார் என்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார் என்று சொல்லலாம். தாளம் முன்னே போய்விடும், அவர் சொல்லை நிதானமாகப் பின்னால் வைப்பார். குரல் அழகை நம்பி அவர் பாடவில்லை, அதனால்தான் சொல்வதை நம்பத் தோன்றுகிறது. அப்புறம் அந்த அம்மா வரும்போது சுருதியே மாறும். ஒருவர் குரலுக்குள் இன்னொருவர் கரையப் பார்க்கவில்லை. ஒருவர் பாட, மற்றவர் கேட்கிறார். எனக்கு அந்தக் கேட்பதுதான் காதல். பின்னால் பியானோ, கிட்டார், பேஸ் என்கிற கனத்த ஒலியுள்ள பெரிய தந்தி வாத்தியம், டிரம்ஸ் என்று நாலே பேர். வயலின் கூட்டம் எதுவும் குறுக்கே வராது.

கோத்தகிரி மலர்:
ஐயா முக்கியமான சங்கதியை விட்டுவிட்டார். பேஸ் வாசிக்கும் ரே பிரவுன் எல்லாவின் முன்னாள் கணவர்! 1953-லேயே பிரிந்துவிட்டார்கள். அவர் பின்னால் நின்று வாசிக்க, இவர் இன்னொருவரோடு காதல் பாட்டு பாடுகிறார். நம் ஊரில் நடக்குமா? அதே ஆல்பத்தில் ‘மூன்லைட் இன் வெர்மான்ட்’ கேளுங்க அண்ணா. இயைபே இல்லாமல் எழுதிய பாட்டு. எனக்கு ‘சீக் டு சீக்’கைவிட அதுதான்.

பாலாடா டிரைவர்:
ரே பிரவுன் கதையைப் பையனிடம் சொன்னேன், இப்போது பேஸ் எங்கே என்று தேடுகிறான். என் வண்டி ஸ்பீக்கரில் சரியாகக் கேட்கவில்லை. லூயி ட்ரம்பெட் ஊதுவாராமே, இந்த ஆல்பத்தில் எந்தப் பாட்டு?

வெலிங்டன் பென்ஷன்காரன்:
‘டெண்டர்லி’. ஆரம்பமே ட்ரம்பெட்தான். பேஸ் வேண்டுமென்றால் வண்டியை ஓரம் கட்டி, ஹெட்போனில் கேளுங்கள். ஓட்டும்போது வேண்டாம், அந்த ரோடு எனக்குத் தெரியும்.