ஃப்ரூட் சாலட் கசக்கிறது, தண்ணீராகவும் ஆகிவிட்டது. நாளை விருந்து, உடனே உதவி தேவை!

மழைத்துளி · மாலை 6:12

அவசரம். நாளை மதியம் வீட்டில் 25 பேர் கூடுகிறோம். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று இன்றே க்ரீம் போட்ட ஃப்ரூட் சாலட் செய்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். கலந்தபோது அருமையாக இருந்தது. இப்போது எடுத்து ஒரு வாய் வைத்தால் கசக்கிறது. லேசாக இல்லை, விழுங்கின பிறகும் தொண்டையில் நிற்கிற கசப்பு. கெட்டியாக இருந்தது எல்லாம் இளகி ஓடுகிறது. எப்போதும் செய்கிற மாதிரிதான் செய்தேன், எதையும் மாற்றவில்லை. இன்னும் ஒரு கப் சர்க்கரை போட்டுப் பார்த்தேன். இனிப்பு தனியாக, கசப்பு தனியாகத் தெரிகிறது. எப்படிச் சரிசெய்வது?

கரண்டிக்காரன் · 6:20

என்ன பழம்? என்ன க்ரீம்? எத்தனை மணிக்குக் கலந்தீர்கள்? "எப்போதும் செய்கிற மாதிரி" என்றால் அது உங்கள் வீட்டுக்குத் தெரியும், எங்களுக்கு எப்படித் தெரியும்?

நித்திலா · 6:24

க்ரீம்தான். அடித்துச் சொல்கிறேன். பாக்கெட்டைத் திருப்பிக் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். 25 சதவீதம் என்று இருந்தால் எவ்வளவு அடித்தாலும் அது நிற்காது. குறைந்தது 30 வேண்டும், 35 இருந்தால் கவலையே இல்லை. ஒரு பிறந்தநாளுக்கு 25 சதவீத க்ரீமை முக்கால் மணி நேரம் அடித்துக் கைவலி வந்ததுதான் மிச்சம். அன்றிலிருந்து கொழுப்பைப் பார்க்காமல் க்ரீம் வாங்குவதில்லை.

திண்ணைவாசி · 6:31

கொழுப்பு குறைந்தால் இளகும், சரி. கசப்பு எங்கிருந்து வரும்? மாதுளையின் வெள்ளைத் தோல் முத்துகளோடு விழுந்ததா? ஆரஞ்சுச் சுளையை நார் எடுக்காமல் போட்டீர்களா? எலுமிச்சை விதை? கசப்பு என்றால் முதலில் தோலையும் விதையையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுப்படி அரசு (மூத்த உறுப்பினர்) · 6:40

இந்தப் பகுதியில் பாலும் பழமும் கலப்பது பற்றிப் பேசாத மாதமே கிடையாது. கேள்வி போடுவதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. புளிப்புப் பழம் பாலைத் திரிக்கும், இது ஆரம்பப் பாடம். ஆரம்பப் பாடம் தெரியாமல் 25 பேருக்குச் செய்ய இறங்கினால் இப்படித்தான் ஆகும்.

திண்ணைவாசி · 6:43

ஐயா, அவர் தவிப்பில் இருக்கிறார். பாடத்தை நாளை மறுநாள் நடத்தலாமே.

மழைத்துளி · 6:58

மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். மாம்பழம், வாழைப்பழம், விதையில்லாத திராட்சை, மாதுளை, கொஞ்சம் பப்பாளி. ஆரஞ்சு போடவில்லை. 1 லிட்டர் பாலில் கஸ்டர்ட் பவுடர் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், க்ரீம் 400 மில்லி. க்ரீம் 35 சதவீதம்தான், நன்றாகவே நின்றது. மதியம் 12 மணிக்கு எல்லாவற்றையும் கலந்தேன். பால் இன்று வாங்கியது, கெடவில்லை.

அகப்பை · 7:05

ஒரு கேள்வி, கோபிக்காதீர்கள். காய்ச்சின கஸ்டர்டை ருசி பார்த்தீர்களா? அதே கரண்டியை மறுபடி உள்ளே விட்டீர்களா? நம் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கிற நொதி இருக்கிறது, அமைலேஸ் என்று பெயர். கஸ்டர்ட் பவுடர் என்பது பெரும்பாலும் சோளமாவு. நக்கின கரண்டியால் கிளறினால் கெட்டிக் கஸ்டர்ட் கொஞ்ச நேரத்தில் நீர்த்துப்போகும். நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் இதுதான் நடக்கிறது, யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

அடுப்படி அரசு (மூத்த உறுப்பினர்) · 7:11

ஒரு சொட்டு எச்சில் ஒரு லிட்டர் கஸ்டர்டை இளக்குமாம். நல்ல கதை.

அகப்பை · 7:14

கதை இல்லை. நொதி செலவாகித் தீர்ந்துபோகாது, ஒன்றை உடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு கிண்ணத்தில் வெதுவெதுப்பான கஸ்டர்ட் எடுத்து, ஒன்றில் மட்டும் வாயில் வைத்த கரண்டியால் கிளறி வைத்துப் பாருங்கள். நான் செய்து பார்த்தேன்.

அடுப்படி அரசு (மூத்த உறுப்பினர்) · 7:17

என் வீட்டில் யாரும் கரண்டியை நக்குவதில்லை. ஆகவே சோதித்துப் பார்க்க வழியில்லை.

நித்திலா · 7:19

ருசி பார்க்காமல் எப்படி ஐயா சமைப்பீர்கள்? உள்ளங்கையில் விட்டா?

அடுப்படி அரசு (மூத்த உறுப்பினர்) · 7:22

ஆமாம், உள்ளங்கையில்தான். பழகினவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

கரண்டிக்காரன் · 7:30

எச்சில் விஷயம் உண்மைதான், அகப்பை சொல்வதில் தப்பில்லை. ஆனால் அது இளகினதற்கு மட்டும்தான் பதில். மாவுச்சத்து உடைந்தால் சர்க்கரை வகைதான் வரும், கசப்பு வராது. இங்கே இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது. மழைத்துளி, இன்னொரு தடவை யோசித்துச் சொல்லுங்கள். அன்னாசி போடவே இல்லையா?

மழைத்துளி · 7:52

அய்யோ, அன்னாசியைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு முழுப் பழம் போட்டேன். ஆனால் அன்னாசி எப்போதும் போடுவதுதானே. வழக்கமாக டின்னில் வருவது. இந்த முறை நிறையப் பேர் வருகிறார்களே, நல்லதாக இருக்கட்டும் என்று புதுப்பழம் வாங்கி நறுக்கினேன்.

கரண்டிக்காரன் · 7:53

"எதையும் மாற்றவில்லை."

திண்ணைவாசி · 7:55

😀 மாதுளைத் தோலைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

வேதிவாத்தி · 8:10

சரி, இப்போது முடிச்சு அவிழ்ந்தது. வேகவைக்காத புது அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அதன் வேலை புரதத்தை நறுக்குவது. அன்னாசி நிறையத் தின்றால் நாக்கு அரிக்கிறதே, அதிலும் இதற்குப் பங்கு உண்டு. பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதத்தை அது துண்டு துண்டாக வெட்டும்போது வருகிற சின்னத் துண்டுகள் சில கசப்பானவை. உங்கள் நாக்கில் நிற்பது அந்தக் கசப்பு. கஸ்டர்டுக்கும் க்ரீமுக்கும் உடம்பு கொடுப்பதில் புரதத்துக்கும் பங்கு இருப்பதால் இளகவும் செய்கிறது. போதாததற்குச் சர்க்கரை பழத்திலிருந்து சாற்றை வெளியே இழுத்துவிடும். நீங்கள் கூடுதலாகப் போட்ட ஒரு கப் அதைத்தான் செய்திருக்கும்.

டின் அன்னாசி கசக்காததற்குக் காரணம், டின்னில் அடைக்கும்போது அதைச் சூடாக்கிவிடுகிறார்கள். சூட்டில் இந்த நொதி செத்துவிடும். குளிரில் சாகாது, மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான். 12 மணியிலிருந்து 6 மணி வரை ஃப்ரிட்ஜுக்குள் அது வேலை செய்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

பப்பாளியிலும் பப்பைன் என்று இதன் பங்காளி உண்டு. இறைச்சி மெத்தென்று வேகப் பப்பாளிக்காயை அரைத்துத் தடவுவது அதனால்தான். காயின் பாலில்தான் அதிகம், நன்றாகப் பழுத்ததில் குறைவு. இருந்தாலும் பால் பொருளோடு மணிக்கணக்கில் வைக்க நான் நம்பமாட்டேன்.

அடுப்படி அரசு (மூத்த உறுப்பினர்) · 8:19

சுற்றி வளைத்து நான் சொன்ன இடத்துக்கே வந்திருக்கிறீர்கள். அன்னாசி புளிப்பு. புளிப்பு பாலைக் கெடுக்கும்.

வேதிவாத்தி · 8:26

இல்லை ஐயா. புளிப்பால் பால் திரிந்தால் கட்டி கட்டியாகப் பிரியும், புளிக்கும். கசக்காது. அதோடு டின் அன்னாசியும் புளிப்புதானே, அது ஏன் இத்தனை வருடம் இவருக்குக் கசக்கவில்லை?

பூந்தளிர் · 8:33

இதற்குத்தான் நான் பால் பக்கமே போவதில்லை. கெட்டித் தேங்காய்ப்பாலைக் குளிரவைத்து மேலே நிற்கும் ஏட்டை மட்டும் எடுத்து அடித்தால் க்ரீம் மாதிரியே வரும். அன்னாசிக்கும் மாம்பழத்துக்கும் அதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது.

வேதிவாத்தி · 8:37

புரதம் குறைவு என்பதால் தொல்லையும் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரி வாக்கிலேயே உருகத் தொடங்கும். வெயில் காலக் கூட்டத்தில் மேசைமேல் வைத்தால் கால் மணியில் சூப்.

நித்திலா · 8:41

ஒரு தடவை ஜெலட்டினில் புது அன்னாசி போட்டு ஜெல்லி வைத்தேன், மறுநாள் காலைவரை தண்ணீராகவே கிடந்தது. அதுவும் இந்த ஆள்தானா?

வேதிவாத்தி · 8:44

இதே ஆள்தான். ஜெலட்டின் முழுக்கப் புரதம். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரில் வைத்திருந்தால் உறைந்திருக்கும், அது புரதம் இல்லை.

மழைத்துளி · 8:50

காரணம் புரிந்தது, நன்றி. இருப்பதை எப்படிச் சரிசெய்வது?

கரண்டிக்காரன் · 9:02

சரிசெய்ய முடியாது. இப்போது காய்ச்சினால் நொதி நிற்கும், வந்த கசப்பு போகாது. வருத்தமாக இருந்தாலும் அந்தக் கஸ்டர்டை விட்டுவிடுங்கள். பழத்துண்டுகளை வடிகட்டிக் குளிர்ந்த நீரில் அலசி, இன்று இரவே வீட்டில் இருப்பவர்கள் சாப்பிடலாம். நாளைக்குப் புதிதாகத் தொடங்குங்கள், இன்னும் நேரம் இருக்கிறது.

அன்னாசியை விடவேண்டியதில்லை. சின்னத் துண்டாக நறுக்கி, இரண்டு கரண்டி சர்க்கரையோடு அதன் சாற்றிலேயே கொதிக்கவிடுங்கள். கொதி வந்தபின் 5 நிமிடம் போதும், துண்டின் நடுவரை சூடு ஏறவேண்டும், அதுதான் முக்கியம். முழுக்க ஆறினபின் வடித்து எடுங்கள். அந்தச் சாற்றைக் கொட்டாதீர்கள், தண்ணீரும் ஐஸும் சேர்த்தால் வருகிறவர்களுக்கு முதலில் கொடுக்க ஆயிற்று. பப்பாளி இந்த முறை வேண்டாம்.

கஸ்டர்ட் இன்று இரவே காய்ச்சலாம். 25 பேருக்கு 1¼ லிட்டர் பால், 6 மேசைக்கரண்டி பவுடர். கெட்டியானதும் இறக்கிவிடாமல் மேலும் ஒன்றிரண்டு நிமிடம் கொதிக்கவேண்டும். அரைவேக்காட்டுக் கஸ்டர்ட் மறுநாள் இளகும், மாவு வாடையும் அடிக்கும். ஏடு படியாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாளை அதன் மேலேயே ஒட்டினமாதிரி போர்த்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ருசி பார்த்த கரண்டி தனியாக இருக்கட்டும், அகப்பைக்காகவாவது.

அகப்பை · 9:04

நன்றி. ஒருவராவது ஒத்துக்கொண்டீர்களே.

நித்திலா · 9:15

க்ரீமுக்கு நான். க்ரீம், கிண்ணம், அடிக்கும் கம்பி மூன்றும் ஜில்லென்று இருக்கவேண்டும். கம்பியைத் தூக்கினால் நுனி மெதுவாகச் சாய்கிற பதத்தில் நிறுத்துங்கள். அதைத் தாண்டி அடித்தால் வெண்ணெய் திரளும், அப்புறம் திரும்பி வராது. கஸ்டர்டில் கொட்டிக் கிளறாமல் மடித்து மடித்துச் சேருங்கள்.

மாம்பழம், திராட்சையை நறுக்கிச் சல்லடையில் அரை மணி வைத்தால் தண்ணீர் இறங்கிவிடும். பழத்தில் நேராகச் சர்க்கரை தூவவே கூடாது, இனிப்பு எல்லாம் கஸ்டர்டில்தான். வாழைப்பழம் பரிமாறுவதற்குச் சற்று முன், கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றில் புரட்டி. மாதுளை கடைசியில் மேலே தூவ மட்டும், உள்ளே கலந்தால் எல்லாம் ரோஸ் கலராகிவிடும்.

திண்ணைவாசி · 9:21

மொத்தத்தையும் அரை மணி முன்னால் கலந்தால் போதும். இன்றே கலந்து வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

வேதிவாத்தி · 9:26

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பாலும் க்ரீமும் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். பெரிய பாத்திரத்தை ஐஸ் நிரப்பின இன்னொன்றில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள். அல்லது பாதியை மட்டும் வெளியே எடுங்கள்.

அடுப்படி அரசு (மூத்த உறுப்பினர்) · 9:40

ஒரு அடிப்படை விஷயத்தை யாருமே கேட்கவில்லை. கஸ்டர்ட் ஊற்றினால் அதற்குப் பெயர் ஃப்ரூட் கஸ்டர்ட். சாலட் இல்லை. தலைப்பே தவறு.

பூந்தளிர் · 9:44

க்ரீம் மட்டும் போட்டால்?

அடுப்படி அரசு (மூத்த உறுப்பினர்) · 9:47

அது வேறு.

திண்ணைவாசி · 9:48

இன்றிரவு யாரும் தூங்கப்போவதில்லை போலிருக்கிறது.

மழைத்துளி · மறுநாள் இரவு 10:35

அன்னாசியை வேகவைத்துப் போட்டேன். கசக்கவில்லை, தீர்ந்துவிட்டது. வாழைப்பழம் போட மறந்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

அகப்பை · 10:41

மகிழ்ச்சி. அந்த முதல் நாள் கரண்டியைப் பற்றி மட்டும் நீங்கள் பதிலே சொல்லவில்லை.

அகப்பை · 3 நாள் கழித்து

சரி, விடுங்கள்.

செவ்வந்தி (புதியவர்) · 2 மாதம் கழித்து

பழைய இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே கசப்பு. ஆனால் நான் அன்னாசி போடவில்லை, கிவிதான் போட்டேன். என்ன காரணம்?

அடுப்படி அரசு (மூத்த உறுப்பினர்) · 2 மாதம் கழித்து

கிவியிலும் புரதத்தை உடைக்கும் நொதி உண்டு. அது பால் புரதத்தை வெட்டுவதால் வருகிற கசப்பு. பரிமாறும்போது மேலே வைக்கவேண்டும், கலந்து வைக்கக்கூடாது. இதை இங்கே பலமுறை விளக்கியிருக்கிறேன், தேடிப் பார்க்கவும்.

கரண்டிக்காரன் · 2 மாதம் கழித்து

யார் விளக்கியது?