கூத்துக்கு கிரீடம் செய்ற ஊட்டுப் பொண்ணு, பெங்களூர்ல பணக்காரப் பசங்க படிக்கற யுனிவர்சிட்டில ஒட்டுவனா?

பாரூர் ஏரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும் பொறுமையா படிங்க. நான் இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சன், கவர்மெண்ட் ஸ்கூலு. ஊரு காவேரிப்பட்டணத்துல இருந்து உள்ள போகணும், பாரூர் பக்கம். எங்க தாத்தா பாரதக் கூத்துக்கு அணி செய்றவரு, கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்துல செதுக்கி கண்ணாடித் துண்டு, மினுக்குத் தாளு ஒட்டி செய்வாரு. ஆறாவது படிக்கறப்ப இருந்து நானும் கூட உக்காந்து செய்றன். போன வருஷம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் நடந்தப்ப படுகளத்துக்கு மண்ணுல துரியோதனனை படுக்க வெப்பாங்க இல்ல, அதுல கை விரலும் மீசையும் நான் செஞ்சதுதான். அது இல்லாம சதா வரைவன், நோட்டு பின்னாடி, செவுத்துல, எங்க இடம் கெடச்சாலும்.

எங்க டிராயிங் மிஸ்தான் பெங்களூர்ல ஒரு பெரிய தனியார் யுனிவர்சிட்டில டிசைன் கோர்ஸுக்கு அப்ளை பண்ணச் சொன்னாங்க. போர்ட்ஃபோலியோ அனுப்பினன், இண்டர்வியூ வெச்சாங்க, கெடச்சிடுச்சி, ட்யூஷன் ஃபீஸ்ல பாதி தள்ளுபடின்னு மெயில் வந்துச்சி. ஊட்ல எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் நானும் அப்பாவும் அங்க ஓப்பன் டேன்னு ஒரு நாள் போனோம், அங்க இருந்து வந்ததுல இருந்து எனக்கு தூக்கமே வரல.

அங்க வந்த பசங்க எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளை ஷூ, கையில ஐஸ் காபி, அப்பா அம்மாகிட்டயே இங்கிலீஷ்லதான் பேசறாங்க. ஒரு பொண்ணு நல்லாத்தான் பேசுச்சி, என்ன போர்டுன்னு கேட்டுச்சி, ஸ்டேட் போர்டுன்னு சொன்னன், ஓன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிடுச்சி. சுத்திக் காட்டின சீனியர் அண்ணன் ஜிம்மு, ஃபுட் கோர்ட்டு, எந்தெந்தக் கம்பெனி வேலைக்கு எடுத்துச்சின்னு ஒரு பெரிய போர்டு எல்லாம் காட்டினாரு, மரவேலை பட்டறை எங்க இருக்குன்னு கேட்டன், அந்தப் பக்கம் எங்கயோ இருக்கும்னு கைய காட்டிட்டு போயிட்டாரு. எங்கப்பா மாங்கூழ் ஃபேக்டரில சீசனுக்கு வேலைக்கு போறவரு, அன்னிக்கு முழுக்க அவரு வாயே தொறக்கல, பஸ்ல வரும்போது மட்டும் உனக்கு புடிச்சிருந்தா சரிம்மான்னு சொன்னாரு.

நான் வெயில்ல கறுத்தவ, முடிய கட்டையா வெட்டியிருக்கன், எல்லா சுடிதார்லயும் பெயிண்ட் கறை இருக்கும். பேச்சும் கம்மி. நாலு வருஷம் இவங்களோட இருக்க முடியுமா? நான் மாறணுமா? இல்ல பேசாம சென்னை கவின்கலைக் கல்லூரிக்கு டெஸ்ட் எழுதலாமா? அங்க போயி படிச்சவங்க யாராச்சும் இருந்தா மறைக்காம சொல்லுங்க.

பாலக்கோடு தக்காளி மண்டி:

பாப்பா தப்பா நெனைக்காத, பாதி ஃபீஸ் போக மீதி, ஹாஸ்டல் எல்லாம் சேத்தா வருஷத்துக்கு எவ்ளோ ஆவும்னு எழுதவே இல்லையே நீ. எனக்கு அதுதான் மொதல்ல கண்ணுல பட்டுச்சி. தர்மபுரி கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல ஒரு டிகிரி படிச்சிக்கிட்டே தாத்தாகிட்ட தொழில் கத்துக்கோ, டிஎன்பிஎஸ்சி எழுது. மாம்பழ சீசன் ஒரு வருஷம் படுத்துச்சின்னா அப்பா என்ன பண்ணுவாரு. ஒரு அண்ணனா சொல்றன்.

தேன்கனிக்கோட்டை அக்கா:

தங்கச்சி, உன் போஸ்ட்ட மூணு தடவ படிச்சன். நானும் இதே மாதிரி ஒரு இடத்துல படிச்சவதான், பேரு வேண்டாம். எங்கம்மா மூங்கில் கூடை பின்றவங்க, மலைக்கு கீழ சந்தையில விப்பாங்க. இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனில டிசைன் வேலை பாக்கறன்.

மொத செமஸ்டர் கஷ்டம்தான், அதை உனக்கு மறைக்க மாட்டன். மெஸ்ல யாரோட உக்கார்றதுன்னு தெரியாம தட்டை ரூமுக்கு எடுத்துட்டு போயிடுவன். கிளாஸ்ல எல்லாரும் அவங்க வேலையப் பத்தி எழுந்து நின்னு பேசணும், எனக்கு மனசுல இருக்கறது இங்கிலீஷ்ல வர்றதுக்குள்ள அடுத்த ஆள் ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா டிரெஸ்ஸு, ஷூ இதெல்லாம் நீ பயப்படற அளவுக்கு இல்ல, ரெண்டு மாசத்துல யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க, டிசைன் பசங்க எல்லாரும் மூணு நாள் தூங்காத மூஞ்சியோடதான் சுத்துவாங்க. நெஜமா வலிச்சது காசு. ஒரு பொண்ணோட பர்த்டேக்கு வெளிய சாப்பிட போலாம்னு கூப்பிட்டாங்க, பில்லை பங்கு போட்டா ஆளுக்கு 1500 ரூபா. நான் குடுத்துட்டன், அந்த மாசம் மாடல் செய்ய ஃபோம் ஷீட் வாங்க காசு இல்ல. அதுக்கப்புறம் ஒரு நாள் என்னால இது முடியாதுன்னு நேரா சொன்னன், சொல்றதுக்குள்ள அழுகையே வந்துடுச்சி. அதுல ரெண்டு பேரு அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடல. ஒருத்தி மட்டும் அடுத்த வாரம் ரூம்ல எலெக்ட்ரிக் குக்கர் வெச்சி சமைச்சா, தார்வாட் பொண்ணு, இன்னைக்கும் வாரா வாரம் பேசறோம்.

எனக்கு சேந்த ஆளுங்க கெடச்சது பட்டறைலதான். அங்க மிஷின் பாத்துக்கற அண்ணன் ஒருத்தர் இருந்தாரு, ஒடிசாக்காரர், அவருக்கு இங்கிலீஷ் வராது எனக்கு ஹிந்தி வராது, நான் மரத்த புடிக்கறத பாத்தே தெரிஞ்சிக்கிட்டாரு இது வேலை செஞ்ச கைன்னு. ராத்திரி ஒம்பது மணிக்கு மேல அங்க உக்கார்றது அஞ்சாறு பேருதான். அதுல ஒருத்தன் டெல்லில பெரிய பிசினஸ் குடும்பம், களிமண் பொம்மைய ஒவ்வொரு ஃபோட்டோவா எடுத்து படம் பண்ணுவான், நீ சொல்ற அதே வெள்ளை ஷூ போட்டவன்தான். அவனை ஓப்பன் டேல பாத்திருந்தா நான் பேசியே இருக்க மாட்டன்.

நான் பண்ண பெரிய தப்பு என்னன்னா, ரெண்டு வருஷம் எங்கம்மா கூடை பின்றாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. மூணாவது வருஷம் மெட்டீரியல் கிளாஸ்ல மூங்கில் வந்துச்சி, வெளிய இருந்து வந்த ஒரு சார் மூங்கிலை பிளக்கறது எப்படின்னு ஸ்லைடு போட்டு காட்டறாரு, எனக்கு கை துடிக்குது, எழுந்து போயி கத்திய வாங்கி கணு பாத்து பிளந்து காட்டிட்டன். அன்னிக்குதான் என் கிளாஸுக்கு நான் யாருன்னு தெரிஞ்சிச்சி. அதை மொத வாரமே செஞ்சிருக்கணும். நீ கிரீடம் செய்றவங்கறத ஒளிச்சி வெக்காத, அந்த யுனிவர்சிட்டி உன்னை எடுத்ததே அதுக்காகத்தான் இருக்கும்.

இன்னொண்ணு, பெங்களூர்னா கேம்பஸ் மட்டும் இல்ல. ஜேபி நகர்ல ரங்க சங்கரா இருக்கு, 2004ல தொறந்தது, அங்க போனா டிராமா பாக்க வர்ற ஜனத்துல உன்ன மாதிரி நூறு பேரை பாப்ப. ஜனவரில குமார கிருபா ரோட்டுல சித்ர சந்தே நடக்கும், சித்ரகலா பரிஷத் நடத்தறது, ஒரு ரோடு முழுக்க ஓவியக்காரங்க உக்காந்திருப்பாங்க, பிளாட்ஃபார்ம்ல வெச்சி விப்பாங்க. பேலஸ் ரோட்டுல என்ஜிஎம்ஏ இருக்கு, தேசிய நவீன கலைக்கூடம். கேம்பஸ்ல மூச்சு முட்டறப்ப நான் அங்கதான் போவன்.

எழும்பூர் பழைய மாணவன்:

அரூர் பக்கத்துக்காரன், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரில சிற்பம் படிச்சன். தங்கச்சி, நீ இதை ரெண்டாவது சாய்ஸா வெச்சிருக்கறது எனக்கு கொஞ்சம் வருத்தம். 1850ல அலெக்சாண்டர் ஹண்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சது. மெரினால உழைப்பாளர் சிலை பாத்திருப்ப, அதை செஞ்ச ராய் சௌத்ரி அங்க பிரின்சிபாலா இருந்தவரு. அவருக்கு அப்புறம் வந்த பணிக்கர் 1966ல ஓவியர்களை சேத்துக்கிட்டு சோழமண்டலம்னு ஓவியர் கிராமம் ஆரம்பிச்சாரு, அங்க இருந்தவங்க பாத்திக் துணி, கைவினைப் பொருள்னு செஞ்சி வித்து அந்தக் காசுலதான் படம் வரைஞ்சாங்க. கைத்தொழில் தெரிஞ்சவங்களுக்கு அந்த எடத்துல எப்பவும் மரியாதை உண்டு. ஃபீஸ் நீ அங்க கட்டறதுல ஒரு தூசு. நுழைவுத் தேர்வுல வரைய சொல்வாங்க, செய்ய சொல்வாங்க, உன் கை பேசும். என் பேட்ச்ல கொத்தனார் பையன், நெசவுக்காரர் பையன் எல்லாம் இருந்தாங்க, தமிழ்லயே சண்டை போட்டு தமிழ்லயே கத்துக்கிட்டோம்.

ஆனா ஒண்ணு, ஓவியக் கல்லூரின்னாலே எல்லாரும் நம்மாளுங்கன்னு நெனைச்சிக்காத. அங்கயும் நவீனம்தான் ஒசத்தி, கூத்து, கிரீடம்னா அது கிராஃப்ட்டுதானேன்னு பேசறவங்க இருந்தாங்க. ஒரு சீனியர் நான் செஞ்ச அய்யனார் குதிரைய பாத்துட்டு இது கோயில் வேலைன்னு ஒதுக்கிட்டாரு, மனசு ஒடிஞ்சி ஒரு வாரம் கிளாஸ் போகல. அப்ப ஒரு வாத்தியார்தான் கூப்பிட்டு ந. முத்துசாமி பத்தி சொன்னாரு, அவரு புரிசை கண்ணப்ப தம்பிரானோட கூத்தை பாத்து அசந்து போயி, 1977ல கூத்துப்பட்டறைன்னு நாடகக் குழு ஆரம்பிச்சவரு. உங்க தாத்தா கையில இருக்கறத தேடிக்கிட்டு சென்னைல படிச்சவங்க எல்லாம் நம்ம பக்கம் கிராமத்துக்கு வந்திருக்காங்க. நீ அதோடவே பொறந்தவ.

நேரம் இருந்தா டெஸ்ட்ட எழுதி வெய்யி, ரெண்டும் கையில இருக்கட்டும். அதுக்கு நடுவுல கிருஷ்ணகிரி மியூசியத்துல இருக்கற நடுகல்லை எல்லாம் போயி வரை, வீரன் நிக்கற தோரணை, கையில வில்லு, பக்கத்துல மாடு. எந்த காலேஜுக்கு போனாலும் அந்த நோட்டு உதவும்.

நல்லம்பள்ளி அப்பா:

அம்மாடி, நான் படிப்பை பத்தி பேச மாட்டேன், என் பையன் வெளி மாநிலத்துல தனியார்ல படிக்கறான், பணத்துல நான் பட்டதை மட்டும் சொல்றேன். அந்த பாதி தள்ளுபடி நாலு வருஷத்துக்கும் உண்டா, மார்க் கொறஞ்சா நிறுத்திடுவாங்களா, ஹாஸ்டல் சாப்பாட்டுக்கும் சேருமா, வருஷா வருஷம் ஃபீஸ் ஏத்தினா தள்ளுபடியும் ஏறுமா, இதெல்லாம் மெயில்ல கேட்டு மெயில்லயே பதில் வாங்குங்க. வாயால சொல்றதை நம்பி நான் ரெண்டாவது வருஷம் தவிச்சேன்.

பேங்க் லோனுக்கு வித்யாலட்சுமி போர்ட்டல்ல ஒரே ஃபார்ம்ல அப்ளை பண்ணலாம். 4 லட்சம் வரைக்கும் நம்ம பங்குன்னு எதுவும் கேக்க மாட்டாங்க, ஏழரை லட்சம் வரைக்கும் நெலம் வீடு அடமானம் இல்லாம குடுக்க மத்திய அரசோட கேரண்டி திட்டம் இருக்கு, அதை அப்பா மேனேஜர்கிட்ட எடுத்து சொல்லட்டும். படிப்பு முடிஞ்சி ஒரு வருஷம் கழிச்சித்தான் கட்ட ஆரம்பிக்கணும், ஆனா வட்டி மொத நாள்ல இருந்து ஓடும், அதை யாரும் எங்களுக்கு சொல்லல. ஒரிஜினல் சர்டிபிகேட்டை காலேஜ்ல வாங்கி வெச்சிக்கக் கூடாதுன்னு யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, 2018லயே சொல்லியிருக்கு, சரிபாத்துட்டு திருப்பி குடுத்துடணும். சேந்து புடிக்கலன்னா வெளிய வர வழி இருக்குன்னு தெரிஞ்சாலே கொழந்தைக்கு பாதி பயம் போயிடும்.

உங்கப்பா பஸ்ல சொன்ன வார்த்தைய படிச்சேன். அவரு பேசாம வந்தது காலேஜ் புடிக்காம இல்லம்மா, பணத்தை மனசுல கூட்டிக்கிட்டே வந்திருப்பாரு. நானும் அப்படித்தான் வந்தேன். அவர்கிட்ட உக்காந்து கணக்கு போடுங்க.

பாரூர் ஏரிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நல்லம்பள்ளி அப்பா சொன்னத எங்கப்பாகிட்ட அப்படியே படிச்சி காட்டினன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் எழுந்து போயி காலண்டர் பின்பக்கம் எழுதி வெச்சிருந்த கணக்க கொண்டு வந்து காட்டினாரு. அன்னிக்கு ராத்திரியே போட்டு வெச்சிருக்காரு. தள்ளுபடி போக எல்லாம் சேந்து வருஷத்துக்கு மூணே முக்கால் லட்சம் ஆவுது, பாலக்கோடு அண்ணன் கேட்டது சரிதான். நாலு வருஷத்துக்கு ஏழரை லட்சம் லோன் பத்தாது. நீங்க சொன்ன கேள்வி எல்லாத்தையும் மெயில் போட்டுட்டன், இன்னும் அதிகமா உதவி கெடைக்குமான்னும் கேட்டிருக்கன்.

எழும்பூர் அண்ணா, நான் சென்னைய கொறைவா நெனைக்கல, ஊட்ல அங்க யாரையும் தெரியாது அதான் தயங்கினன். டெஸ்ட்டுக்கு அப்ளை பண்றன். ஞாயித்துக்கெழம மியூசியம் போறன்.

அக்கா, உங்க மூங்கில் கதைய படிச்சிட்டு அழுதுட்டன். நான் ஸ்டேட் போர்டுன்னு சொன்ன அப்புறம் அந்தப் பொண்ணு திரும்பினப்ப, போர்ட்ஃபோலியோவ பைக்குள்ள தள்ளிட்டன், கிரீடத்தோட ஃபோட்டோ மேலாக தெரிஞ்சிச்சின்னு. அது எனக்கு இப்ப ரொம்ப தப்பா படுது, தாத்தாவ ஒளிச்சி வெச்ச மாதிரி.

தேன்கனிக்கோட்டை அக்கா:

அழாத கண்ணு. ஓப்பன் டே வெச்சி முடிவு பண்ணாத, அன்னிக்கு காட்டறது கல்யாண ஊடு மாதிரி, தெனமும் அப்படி இருக்காது. டிசைன் டிபார்ட்மெண்டுக்கு மெயில் போட்டு ஒரு சாதாரண நாள் வர்றன்னு சொல்லு, ஒரு கிளாஸ்ல பின்னாடி உக்காரலாமான்னு கேளு, பல எடத்துல விடுவாங்க. சாயங்காலம் வரைக்கும் இரு. பட்டறை எத்தனை மணி வரைக்கும் தொறந்திருக்கு, மரம், களிமண்ணுக்கு தனியா காசு வாங்கறாங்களா, மொத வருஷப் பசங்களை மிஷின் தொட விடறாங்களா, இத அங்க வேலை செய்ற ஆளுங்ககிட்டயே கேளு. நாலு மணிக்கே பூட்டு தொங்குச்சின்னா நானே உன்ன சென்னைக்கு போகச் சொல்லுவன். வியாழக்கிழம எனக்கு லீவு, நானும் கூட வர்றன். கிருஷ்ணகிரில பஸ் ஏறி ஓசூர்ல எறங்கு, அங்க இருந்து பொம்மசந்திரா போயி மெட்ரோ புடிச்சிடலாம்.

பாரூர் ஏரிக்கரை:

வர்றன் அக்கா. அப்பாவுக்கு ஃபேக்டரில லீவு இல்ல, அதனால தாத்தா வர்றன்னு சொல்றாரு. அவரு அந்தப் பட்டறைய பாக்கணுமாம், என்ன மரம் வெச்சிருக்காங்கன்னு தொட்டுப் பாக்கணுமாம், உளி எடுத்துக்கட்டுமான்னு கேக்கறாரு. மெட்ரோல உள்ள விடுவாங்களா?

தேன்கனிக்கோட்டை அக்கா:

உளி வேண்டாம்மா, ஸ்கேனர்லயே புடிச்சிடுவாங்க. கிரீடத்த எடுத்துட்டு வரச் சொல்லு. பையில போடாம கையிலயே.