ரிப்பீட்டர் நன்றாகக் கேட்கிறது, நான் அழுத்தினால் திறக்க மாட்டேன் என்கிறது – புது வியூ3-க்கு உதவி தேவை

கரூர்_புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். ஹாம் ரேடியோவின் தொடக்கத் தேர்வான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தேறி, உரிமம் கைக்கு வந்துவிட்டது. கால்சைன் (அழைப்புக் குறி) வியூ3-இல் தொடங்குகிறது. ஹேண்டி (கையடக்கச் செட்) வாங்கியது உரிமம் வந்த பிறகுதான், அந்தக் கேள்வி கட்டாயம் வரும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேண்டு, 5 வாட், கூடவே வந்த ரப்பர் ஆண்டெனா.

நம் பேச்சை ஒரு அலைவரிசையில் வாங்கி இன்னொன்றில் திருப்பி அனுப்பும் 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ரிப்பீட்டர் மலை மேலே இருக்கிறது, வீட்டிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சாயங்கால நெட் (எல்லோரும் கூடிப் பேசும் நேரம்) தெளிவாகக் கேட்கிறது, சிக்னல் கட்டைகள் முழுசாக நிற்கின்றன. ஆனால் நான் பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்திக் கால்சைன் சொல்லிவிட்டு விட்டால், மற்றவர்கள் பேசி முடித்ததும் ரிப்பீட்டரிலிருந்து சற்று நேரம் வருகிற அந்த வால் சத்தம் எனக்கு வருவதே இல்லை. சிவப்பு விளக்கு எரிகிறது, பேட்டரி புதிது. ஆஃப்செட் 0.600 போட்டாயிற்று. ரிப்பீட்டர் பட்டியலில் இருந்த டோனை (ரிப்பீட்டரைத் திறக்கும் குறைந்த சுருதி) ரிசீவ், டிரான்ஸ்மிட் இரண்டு இடத்திலும் போட்டாயிற்று.

கடைக்காரர் பெரிய ஆண்டெனா வாங்கச் சொல்கிறார். காசு போடுவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

---

மாடிக்கம்பி:

40 கிலோமீட்டருக்கு ரப்பர் ஆண்டெனா போதாது தம்பி. நல்ல ஜிபி (கிரவுண்ட் பிளேன் ஆண்டெனா) ஒன்று மாடியில் ஏற்றுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும்.

---

பழைய_ஓஎம்:

மாடிக்கம்பி சொல்வது கடைசியில் தேவைப்படலாம். ஆனால் இப்போதே அங்கே போக வேண்டாம், கணக்கு இடிக்கிறது.

மலையில் இருப்பது 25 வாட் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 5 வாட். ஐந்து மடங்கு என்றால் பெரிதாகத் தெரியும், டெசிபெலில் அது 7தான். நடுவில் இருக்கும் தூரம், சுவர், ரப்பர் ஆண்டெனாவின் நோஞ்சான்தனம் எல்லாம் வருகிற சிக்னலையும் போகிற சிக்னலையும் ஒரே அளவில்தான் குறைக்கும். வரும்போது 7 டெசிபெலுக்கு மேல் மிச்சம் இருந்தால், போகும்போதும் திறந்தே ஆக வேண்டும்.

மிச்சம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சிக்னல் கட்டைகளை நம்பாதீர்கள், இந்த விலை ஹேண்டிகளில் அவை எதற்கெடுத்தாலும் முழுசாக நிற்கும். காதை நம்புங்கள். நெட் நடக்கும்போது மலைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், ஆண்டெனாவைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். அப்போதும் இரைச்சல் ஏறவில்லை என்றால் தாராளமாக மிச்சம் இருக்கிறது. லேசாகச் சாய்த்ததுமே ‘ஸ்ஸ்’ என்று வந்தால் விளிம்பில் இருக்கிறீர்கள்.

அப்புறம் ஒன்று. பிடிடி அழுத்தும்போது திரையில் எண் மாறுகிறதா? 145.600-இல் கேட்கிறீர்கள் என்றால், அழுத்தியதும் 145.000 தெரிய வேண்டும். 0.600 என்பது எவ்வளவு விலகல் என்பது மட்டும்தான். மேலேயா கீழேயா என்று சொல்ல எஸ்எஃப்டி-டி என்று தனி மெனு இருக்கிறது, அதில் மைனஸ் போட வேண்டும். அது ‘ஆஃப்’ என்றிருந்தால் ரிப்பீட்டர் பேசுகிற அதே அலைவரிசையில் நீங்களும் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

---

கரூர்_புதுசு:

சார், இரண்டையும் பார்த்தேன். ஹாலில் முதுகைக் காட்டினால் இரைச்சல் வருகிறது. மொட்டை மாடியில் எப்படிச் சாய்த்தாலும் சுத்தமாகக் கேட்கிறது.

பிடிடி அழுத்தினால் எண் சரியாக 600 கிலோஹெர்ட்ஸ் கீழே போகிறது. மாடியில் நின்று கூப்பிட்டும் வால் வரவில்லை.

---

தேர்வுக்குப்_படிப்பவள்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இசிஇ படிக்கிறேன். இந்தத் தேர்வுக்கு எங்கே விண்ணப்பிப்பது, மோர்ஸ் கட்டாயமா? உரிமம் இல்லாமல் ஹேண்டி வாங்கி, கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

---

பழைய_ஓஎம்:

புதுசு, மாடியில் அவ்வளவு சுத்தமாகக் கேட்டும் திறக்கவில்லை என்றால் ஆண்டெனாவின் மேல் பழி போட முடியாது. ஷிஃப்டும் (அந்த 600 விலகல்) சரி. மிச்சம் இருப்பது டோன் ஒன்றுதான். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

தங்கச்சிக்கு: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், வேண்டாம். பேசக்கூடிய கருவியை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதே சட்டப்படி சிக்கல், ‘கேட்க மட்டும்தான்’ என்பது எடுபடாது. அதுவரை இணையத்தில் வெப்எஸ்டிஆர் இருக்கிறது. எங்கோ ஒருவர் வைத்திருக்கும் ரிசீவரை உங்கள் உலாவியிலேயே திருகிக் கேட்கலாம். நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருப்பது ரொம்பப் பிரபலம்.

விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளம் வழியாக. குறைந்தபட்ச வயது 12, ஆகவே உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது. ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் எடுக்கவும் அனுப்பவும் தெரிய வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் என்றால் வியூ3, ஜெனரல் என்றால் வியூ2. எழுத்துத் தேர்வில் இரண்டு பகுதி: ஒன்று ரேடியோ தியரி, இன்னொன்று விதிகள். இசிஇ பிள்ளைகள் தியரியில் ஊதித் தள்ளுவார்கள், விதிகளில்தான் வழுக்குவார்கள். க்யூ குறிகள் (க்யூ-வில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள்), லாக் எழுதுவது, எந்தச் செய்தியை அனுப்பக் கூடாது, ஆபத்து அழைப்பு வந்தால் என்ன செய்வது – இதையெல்லாம் வரி வரியாகப் படியுங்கள்.

ரிப்பீட்டரோடு நின்றுவிடாதீர்கள் என்பதும் என் கட்சி. 40 மீட்டர் அலைவரிசைக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஒரு கம்பியைக் கட்டினால் நாடு முழுக்க வரும். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் குழு தற்செயலாகப் போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் போட்டிருந்தது. அந்தமானிலிருந்து செய்தி வெளியே வந்ததில் அவர்கள் எச்எஃப் (சிற்றலை) செட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

---

சால்டரிங்_சாமி:

புதுசு எழுதிய முதல் பதிவிலேயே துப்பு இருக்கிறது ஓஎம், கவனித்தீர்களா? டோனை ‘ரிசீவ், டிரான்ஸ்மிட் இரண்டு இடத்திலும்’ போட்டதாகச் சொல்கிறார்.

எனக்குத் தெரிந்து அந்த ரிப்பீட்டர் டோனை வாங்கத்தான் செய்யும், வெளியே அனுப்பாது. ரிசீவ் டோன், அதாவது ஆர்-சிடிசிஎஸ், உண்மையிலேயே வேலை செய்தால் ஹேண்டி ஊமையாக இருக்க வேண்டும். அந்தக் குறைந்த சுருதி வந்தால்தான் ஸ்பீக்கரைத் திறப்பேன் என்பதுதானே அதன் வேலை. ஆனால் இவருக்கு நெட் முழுக்கக் கேட்கிறது! ஆக, இவர் போட்ட டோன், இவர் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இல்லவே இல்லை.

என் ஊகம்: புதுசு, நீங்கள் சேனல் மோடில் உட்கார்ந்திருக்கிறீர்கள். யாரோ ரிப்பீட்டரை நினைவகத்தில் ஒரு சேனலாக முன்பே ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஷிஃப்ட் இருக்கிறது, டோன் இல்லை. நீங்கள் டோன் போட்டது விஎஃப்ஓ-வில் (அலைவரிசையைக் கையால் அடிக்கும் மோடில்). இந்த ஹேண்டிகளில் சேமித்த சேனலுக்கு உள்ளே போய் டோனை மாற்றினால் அது ஒட்டாது. சரியா?

---

கரூர்_புதுசு:

சாமி அண்ணா, அப்படியேதான். கடைக்காரரே சில சேனல்களைப் போட்டுக் கொடுத்தார், அதில் ஒன்றைத்தான் வைத்துக் கேட்கிறேன். இப்போது என்ன செய்ய?

---

சால்டரிங்_சாமி:

விஎஃப்ஓ-வுக்கு வாருங்கள். ரிப்பீட்டரின் வெளியீட்டு அலைவரிசையைக் கையால் அடியுங்கள். எஸ்எஃப்டி-டி மைனஸ், ஆஃப்செட் திரையில் 00.600 என்று தெரிய வேண்டும் (06.000 என்று விழுந்துவிடும், கவனம்). டி-சிடிசிஎஸ்-இல், அதாவது டிரான்ஸ்மிட் பக்கம், டோன். ஆர்-சிடிசிஎஸ் ஆஃப், இது முக்கியம், இல்லாவிட்டால் இப்போது நிஜமாகவே ஊமையாகிவிடும். இந்த நிலையில் முதலில் பேசிப் பாருங்கள். திறந்தால், பழைய சேனலை டெல்-சிஎச் மெனுவில் அழித்துவிட்டு அதே எண்ணில் புதிதாகச் சேமியுங்கள். அழிக்காமல் மேலே எழுதினால் ஏற்காது.

நானும் கரூர் பக்கம்தான். இன்றிரவு எட்டு மணிக்கு ரிவர்ஸில் வைத்துக் காத்திருக்கிறேன், அதாவது ரிப்பீட்டர் கேட்கிற அலைவரிசையிலேயே உங்களை நேராகக் கேட்பேன். மலை திறக்காவிட்டாலும் உங்கள் சிக்னல் வருகிறதா, டோன் இருக்கிறதா என்று என் செட் காட்டிவிடும்.

சும்மா பிடிடி-யை அழுத்தி அழுத்தி விட்டு வால் வருகிறதா என்று பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கால்சைன் சொல்லுங்கள். பேர் சொல்லாமல் கதவைத் தட்டிவிட்டு ஓடும் ஆட்களால் இங்கே எல்லோருக்கும் கடுப்பு.

---

கரூர்_புதுசு:

திறந்துவிட்டது! மாடியில் முதல் அழுத்தலிலேயே வால் வந்தது. சாமி அண்ணாவுக்கும் நேராகக் கேட்டது என்றார். நெட் நடத்தியவர் வரவேற்றுப் பேசினார், கை நடுக்கத்தில் என் ஊரையே இரண்டு தடவை சொன்னேன்.

அவர் சொன்ன குறை இரண்டு. என் கால்சைனின் முன்பாதி வெட்டுப்பட்டு ‘...3’ என்று தொடங்குகிறதாம். குரல் மற்றவர்களைவிட மெலிசாக இருக்கிறதாம். வீட்டுக்குள் ஹாலில் இருந்து பேசினால் பாதி வார்த்தை இரைச்சலில் போகிறது.

---

பழைய_ஓஎம்:

வாழ்த்துகள் தம்பி. சாமி, சபாஷ், அந்த ஆர்-சிடிசிஎஸ் எனக்குத் தட்டவே இல்லை.

முன்பாதி வெட்டு: பிடிடி அழுத்திவிட்டு ஒரு வினாடி பொறுத்துப் பேசுங்கள். உங்கள் செட் கிளம்ப வேண்டும், மலையில் டோனைக் கண்டுபிடிக்க வேண்டும், அங்கே டிரான்ஸ்மிட்டர் எழ வேண்டும், அப்புறம் கேட்பவர்களின் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் கதவு) திறக்க வேண்டும்.

மெலிந்த குரல்: மெனுவில் வைட், நேரோ என்று சிக்னலின் அகலத்துக்கு ஒன்று இருக்கும். கடைக்காரர்கள் நேரோவில் வைத்துக் கொடுப்பது வழக்கம். வைடுக்கு மாற்றிச் சேமியுங்கள். மைக் துளை எங்கே என்று பார்த்து, வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றுச் சாய்வாகப் பிடியுங்கள்.

ஹாலில் இரைச்சல் என்பதுதான் அந்த 7 டெசிபெல். அங்கே உங்களுக்கு மிச்சமில்லை. இப்போது மாடிக்கம்பி பேசலாம்.

---

மாடிக்கம்பி:

கடைசியில் என்னிடம்தானே வந்தீர்கள்!

வாங்க வேண்டாம், ஒரு ஞாயிறு போதும். சேசிஸில் முடுக்குகிற எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்று, கனமான செம்புக் கம்பி இரண்டே முக்கால் மீட்டர்போல. நடு முள்ளில் 49 சென்டிமீட்டர் கம்பியை நேராக நிமிர்த்திப் பற்றவையுங்கள். நான்கு மூலைத் துளைகளிலும் 52 சென்டிமீட்டர் கம்பி ஒவ்வொன்று, போல்ட்டு போட்டு முடுக்கி, கீழ்நோக்கி 45 பாகை வளைத்து விடுங்கள். அந்தச் சாய்வில்தான் 50 ஓமுக்குப் பக்கத்தில் வரும். நான்கையும் படுக்கையாக நீட்டினால் 35 ஓம் போல இறங்கிவிடும்.

நேர்க்கம்பியை முதலில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகவே விடுங்கள். எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் கருவி) வைத்திருப்பவரைக் கூட்டிவந்து கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். 145-க்கு அருகே 1.5-க்குக் கீழ் வந்தால் விட்டுவிடுங்கள், 1.0 ஆக்குகிறேன் என்று நாளை வீணாக்க வேண்டாம். நடு முள்ளில் பற்றவைக்கும்போது சின்ன அயர்ன் வேலைக்கு ஆகாது. 60 வாட்டாவது இருந்தால்தான் அந்தக் கனத்தில் ஈயம் ஓடும், இல்லையென்றால் மேலே ஒட்டினாற்போல் தெரிந்து காற்றில் ஆடும்போது பிடுங்கிக்கொள்ளும்.

---

கரூர்_புதுசு:

மாடியிலிருந்து ஹாலுக்கு 15 மீட்டர் கேபிள் வேண்டும். ஆர்ஜி-58 மலிவாகக் கிடைக்கிறது, போதுமா?

---

மாடிக்கம்பி:

2 மீட்டரில் ஆர்ஜி-58 ஒவ்வொரு மீட்டருக்கும் 0.2 டெசிபெல் தின்னும். 15 மீட்டருக்கு 3, அதாவது 5 வாட்டில் பாதி கேபிளிலேயே போய்விடும். ஆண்டெனா உயரே போவதால் அப்படியும் ரப்பரைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் மனசு வலிக்கும். ஆர்ஜி-213 என்றால் ஒன்றேகால் டெசிபெல்தான் போகும், விலையும் தடிமனும் அதிகம். மாடிப்படி அறையில் ஒரு மேஜை போட்டு, 6 மீட்டர் ஆர்ஜி-58-ஓடு முடித்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஹேண்டியின் சின்ன எஸ்எம்ஏ வாயில் தடித்த கேபிளை நேராக மாட்டித் தொங்கவிட வேண்டாம், வாய் உடைந்துவிடும். நடுவே ஒரு சாண் மெல்லிய பிக்டெயில் (இணைப்புக் கேபிள்) போடுங்கள்.

---

பழைய_ஓஎம்:

மாடிப்படி அறை யோசனை நல்லது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: கோடை இடி தூரத்தில் உறுமத் தொடங்கும் முன்பே கேபிளைக் கழற்றி அறைக்கு வெளியே போட்டுவிடுங்கள், ஹேண்டியோடு மாட்டிய நிலையில் விடாதீர்கள். சாக்கெட்டின் அடிப்பக்கம் பிளக்கை முடுக்கிய பிறகு தண்ணீர் புகாத ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். மழைநீர் ஒரு முறை கேபிளின் பின்னலுக்குள் இறங்கிவிட்டால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஏற்றிய பிறகு நெட்டில் ரிப்போர்ட் கேளுங்கள். 73 (வாழ்த்துகள்).

---

தேர்வுக்குப்_படிப்பவள்:

விண்ணப்பம் போட்டுவிட்டேன் சார். ட்வென்டே ரிசீவரில் மோர்ஸ்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அணைக்க மனசு வரவில்லை. நேரே ஜெனரல் எழுதலாமா என்று இப்போது புதுக் குழப்பம்.

---

சால்டரிங்_சாமி:

முதலில் ரெஸ்ட்ரிக்டட் எழுதி உள்ளே வாங்கம்மா, மோர்ஸைப் பேசிக்கொண்டே பழகலாம். புள்ளி, கோடு என்று தாளில் எழுதிப் படிக்காதீர்கள், காதால் பழகுங்கள். எழுத்துகளை வேகமாகவே கேட்டு, இடைவெளியை மட்டும் அகலமாக வைத்துக்கொண்டால் 8 சொல் தானாக வரும்.